அன்று பத்து டாலர், இன்று காத்திருப்போர் பட்டியல்

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட் நாய்க்கு ஒருகாலத்தில் பத்துதான் கணக்கு. அமெரிக்காவில் 10 டாலர், இங்கிலாந்தில் 10 பவுண்டு. நாயை வாங்கியவர் கொடுத்த விலை அல்ல அது. அதைத் தீர்த்துக்கட்டச் சொல்லிக் கொண்டுவந்து விட்டவர் கொடுத்த கூலி. 2002-இல் அலபாமா மாநிலத்தில் ஒருவருடைய நிலத்தில் ஆயிரக்கணக்கான கிரேஹவுண்டுகளின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஃபுளோரிடாவின் பந்தயத் திடல்களில் ஓடிய நாய்கள் அவை. 2006-இல் இங்கிலாந்தின் சீஹம் என்ற ஊரில் இதே கதை ஒரு செய்தித்தாள் வழியாக வெளியே வந்தது. அங்கே பதினைந்து ஆண்டுகளில் பத்தாயிரம் நாய்கள் வரை புதைக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையில் ஒரு பெருங்கடல் இருக்கிறது. கூலி மட்டும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இன்று அதே ஃபுளோரிடாவில் ஓய்வுபெற்ற கிரேஹவுண்டைத் தத்தெடுக்க விரும்புபவர் நீண்ட படிவம் நிரப்ப வேண்டும். கால்நடை மருத்துவர் ஒருவரின் பெயரைத் தர வேண்டும். தொண்டர் ஒருவர் வீட்டுக்கு வந்து வேலியின் உயரத்தைப் பார்ப்பார். சில நூறு டாலர் கட்டணம் உண்டு. இத்தனைக்கும் பிறகு காத்திருக்க வேண்டும். பல இடங்களில் மாதக்கணக்கில். படிவத்தில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று: வீட்டில் வேறு பிராணிகள் உண்டா? பூனை உண்டா?

அந்தக் கேள்வி அங்கே வந்து சேர முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

1919-இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர், வட்டத் தடத்தில் இயந்திர முயல் ஓட, அதன் பின்னால் நாய்கள் துரத்தும் பந்தயத்தைத் தொடங்கினார். அதற்கு முன் உயிருள்ள முயலை வெட்டவெளியில் விரட்டவிடுவார்கள். எந்த நாய் முயலைத் திருப்புகிறது என்பதற்கு மதிப்பெண். இயந்திர முயல் வந்ததும் முயலின் உயிர் தப்பியது, பந்தயம் ஊருக்குள் வந்தது. 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல்வூ திடலில் பிரிட்டனின் முதல் பந்தயம் நடந்தது. 1931-இல் ஃபுளோரிடா இதில் பணம் கட்டுவதைச் சட்டபூர்வமாக்கியது. குதிரைப் பந்தயம் பகலில், ஊருக்கு வெளியே, வசதியுள்ளவர்களுக்கு. நாய்ப் பந்தயம் இரவில், மின்விளக்கொளியில், ஆலை விட்டு வீடு திரும்பும் வழியிலேயே. ஆலைத் தொழிலாளிக்கும் துறைமுகக் கூலிக்கும் அதுவே மாலைப் பொழுதானது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு லண்டனில் மட்டும் 30-க்கு மேற்பட்ட திடல்கள் இருந்தன. இன்று பெருநகர எல்லைக்குள் எஞ்சியிருப்பது ராம்ஃபோர்ட் ஒன்றுதான். கிரேஃபோர்ட் 2025 ஜனவரியில் மூடப்பட்டது. அமெரிக்காவில் ஐம்பதுக்கு மேல் இருந்தவை இரண்டாகிவிட்டன. இரண்டும் மேற்கு வர்ஜீனியாவில் உள்ளன. அங்கே காசினோ உரிமத்தோடு பந்தயமும் பிணைக்கப்பட்டிருப்பதால் அவை நிற்கின்றன.

பெயர் பெற்ற நாய்க்கு அன்றும் மரியாதை உண்டு. அயர்லாந்தில் பிறந்த மிக் தி மில்லர் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இங்கிலிஷ் டெர்பியை வென்றது. இறந்தபின் அதைப் பாடம் செய்து, இன்றுவரை டிரிங் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் வந்துகொண்டிருந்த நாய் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு இருந்த கணக்கு எளிமையானது. ஒன்றரை வயதில் ஓடத் தொடங்கும் நாய், நான்கு ஐந்து வயதுக்குள் ஓய்ந்துவிடும். ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாது. மிச்சமிருக்கும் ஏழெட்டு ஆண்டுகளுக்கு யார் சோறு போடுவது? 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 30,000-க்கு மேற்பட்ட கிரேஹவுண்டுகள் பந்தயத்துக்கென்றே பதிவாகின. அத்தனை புதிய நாய்களுக்கு இடம் வேண்டுமென்றால், பழையவை போயாக வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்டால் கொட்டடிக்காரர்கள் சிரித்தார்கள். துரத்திக் கொல்லப் பழக்கிய நாய். பூனையைக் கண்டால் விடாது, குழந்தையைக் கடிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இதில் பாதி புரிதல் பிழை, பாதி வசதி. பந்தயத் தொழிலுக்கு அந்த நம்பிக்கை செலவில்லாமல் உதவியது. இங்கிலாந்தில் 1975-இல் ரிடயர்டு கிரேஹவுண்ட் டிரஸ்ட் தொடங்கியது. அமெரிக்காவில் 1980-களில் தன்னார்வக் குழுக்கள் தலையெடுத்தன; கிரேஹவுண்ட் பெட்ஸ் ஆஃப் அமெரிக்கா 1987-இல் உருவானது. 1992-இல் சிந்தியா பிரானிகன் எழுதிய 'அடாப்டிங் தி ரேசிங் கிரேஹவுண்ட்' என்ற நூல், இந்த நாயை வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி என்று முழுநீளமாகச் சொன்னது. ஆனால் பொதுமக்களின் மனத்தை மாற்றியதில் ஒரு கார்ட்டூனுக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். 1989 டிசம்பரில் ஒளிபரப்பான சிம்ப்சன்ஸ் தொடரின் முதல் முழுநீள அத்தியாயத்தில், கடைசியாக வந்த கிரேஹவுண்டைச் சொந்தக்காரர் திடலுக்கு வெளியே விரட்டிவிடுகிறார். கையில் காசில்லாமல் நிற்கும் அப்பாவும் மகனும் அதை வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தது.

அன்றைய கொட்டடியையும் இன்றைய வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்த நாய் கடக்கும் தூரம் புரியும். அமெரிக்கக் கொட்டடியில் ஒரு நாய்க்கு ஒரு கூண்டு. ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றரை அடி. இரண்டு அடுக்காக வைத்திருப்பார்கள். மேலே பெட்டை, கீழே கடுவன் என்பது பொதுவான ஏற்பாடு. நாளுக்கு நாலைந்து முறை வாயில் கூடு மாட்டி முற்றத்தில் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் கூண்டுக்குள். அதில் நோய் வந்தால் பார்த்துக்கொண்டார்கள், வேளைக்குத் தீனி போட்டார்கள், உடம்பு பிடித்துவிட்டார்கள். பராமரிப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நாய் மாடிப்படியைப் பார்த்ததில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்ததில்லை. தொலைக்காட்சியின் சத்தம் கேட்டதில்லை. வழுக்கும் டைல்ஸ் தரையில் நின்றதில்லை. தனியாக இருந்ததே இல்லை; பிறந்த நாள்முதல் சுற்றிலும் தன் இனத்து நாய்களின் மூச்சு.

இன்று புதிதாக வந்த கிரேஹவுண்டை வீட்டுக்குள் விடுபவர்கள் முதலில் செய்வது, கண்ணாடிக் கதவில் கண்மட்டத்துக்குத் துண்டுக் காகிதங்களை ஒட்டி வைப்பதுதான். இல்லையென்றால் திறந்த வழி என்று நினைத்து நேராகப் போய் முட்டும். மாடிப்படியில் அது கீழேயே நின்றுவிடும். ஒருவர் முன்னங்காலைத் தூக்கி அடுத்த படியில் வைக்க வேண்டும், பிறகு பின்னங்காலை. இப்படி ஒரு மாலை கழியும். இறங்குவதைக் கற்பிக்க இன்னொரு மாலை. முப்பது கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைவிட அது மேல். கழுத்துப்பட்டையும் வேறு. இந்த நாயின் தலையைவிடக் கழுத்து தடிப்பானது என்பதால் சாதாரணப் பட்டை பின்னோக்கி இழுத்தவுடன் கழன்றுவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் வகைப் பட்டைதான் வேண்டும். காதை மடக்கிப் பார்த்தால் உள்ளே பச்சைக் குத்து இருக்கும். அமெரிக்க நாய் என்றால் வலது காதில் பிறந்த மாதமும் ஆண்டும், அந்த ஈற்றில் அது எத்தனையாவது குட்டி என்பதும். இடது காதில் ஈற்றின் எண். கணக்குக்காகக் குத்திய எழுத்துகளை இப்போது சொந்தக்காரர் கைபேசியில் தட்டிப் பார்த்து, தாய் தந்தை யார், எத்தனை முறை ஓடியது, எந்த இரவில் கடைசியாக வந்தது என்று படித்துக்கொண்டிருக்கிறார்.

இனி பூனை. அன்று பூனைக்குச் சோதனை என்று ஒன்று கிடையாது. நாயைக் கொடுக்கிறவர் முன்ஜாக்கிரதையாக 'பூனை வேண்டாம்' என்பார், அல்லது ஒன்றும் சொல்ல மாட்டார். இன்று பெரும்பாலான குழுக்கள் ஒவ்வொரு நாயையும் பூனையோடு பார்த்துவிட்டுத்தான் அனுப்புகின்றன. நாய்களுக்குப் பழகிய, எதற்கும் அலட்டிக்கொள்ளாத பூனை ஒன்று அந்த வேலைக்கென்றே இருக்கும். நாய்க்கு வாய்க்கூடு மாட்டி, வாரைக் கையில் பிடித்து, அந்த அறைக்குள் அழைத்துவருவார்கள். பார்ப்பது பூனையை அல்ல, நாயின் கண்ணை. ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டால் கவலையில்லை. மோந்து பார்க்கப் போய், பூனை சீறியதும் பின்வாங்கினாலும் நல்லதே. உடம்பு விறைத்து, காது நிமிர்ந்து, கண் அசையாமல் நின்று, பல் நறநறத்து, முனகலும் நடுக்கமும் வந்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாவிட்டால், அந்த நாய்க்குப் பூனையில்லாத வீடுதான். இடைப்பட்டவையும் உண்டு, பழக்கினால் பழகும் நாய்கள். அவற்றைக் கொடுக்கும்போது வீட்டுக்காரரின் பொறுமையையும் சேர்த்துத்தான் எடைபோடுகிறார்கள்.

சோதனையில் தேறியதோடு வேலை முடிவதில்லை. முதல் சில வாரங்கள் வீட்டுக்குள்ளும் வாய்க்கூடு போடுவார்கள். கொட்டடியில் தினமும் போட்டுப் பழகிய நாய் என்பதால் அதற்கு அது தண்டனை இல்லை. தலையை நீட்டிக் காட்டும். பூனை ஏறிக்கொள்ள உயரமான அலமாரி, பூனை மட்டும் நுழையும் இடைவெளியோடு ஒரு தடுப்புக் கதவு, தீனித் தட்டுகள் தனித்தனியாக. ஆள் இல்லாத நேரத்தில் இரண்டும் வேறு வேறு அறையில். இதையெல்லாம்விட முக்கியமானது வாசலுக்கு வெளியே. சோஃபாவில் தன் மேல் படுத்துறங்கும் அதே பூனை தோட்டத்தில் ஓடினால், நாயின் கண்ணுக்கு அது வேறு ஏதோ ஒன்று. ஓடுவதைத் துரத்துவதற்குப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கண் அது. மூக்கை நம்பாமல் பார்வையை நம்பும் வேட்டைநாய் வகை. நம் கன்னியையும் சிப்பிப்பாறையையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஒட்டிய வயிறும் நீண்ட காலும் அவர்களுக்குப் பழக்கமானவையே. முயலோ கோழியோ கிளியோ வளர்க்கும் வீடுகளுக்கு நல்ல குழுக்கள் இன்றும் தயங்கித்தான் கொடுக்கின்றன. அந்தத் தயக்கம் சரி.

இன்னொரு விசித்திரம் உண்டு. இந்த நாய்களில் பல, வேறு இன நாயைப் பார்த்ததே இல்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பக் இருந்தால், தட்டை மூக்கும் குட்டைக் காலுமாக உருண்டு வரும் அந்தப் பிராணி நாய்தானா என்பது முதலில் அதற்கு விளங்காது. குட்டி நாய் குரைத்து அதட்டும். மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடிய நாய் மூலையில் ஒதுங்கி நிற்கும். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். தூக்கத்தில் மட்டும் தொடக்கூடாது. கூண்டில் தனியாகத் தூங்கிப் பழகிய நாய், சட்டென்று தொட்டால் விழிக்கும் முன்பே கடிக்கக்கூடும். வீட்டில் சிறு குழந்தை இருந்தால் இதுதான் முதல் பாடம். தூங்குவதற்கோ அதற்கு நேரம் போதாது. அரை நிமிடம் ஓடுவதற்காக உருவான உடம்பு, மீதி நாளில் பதினாறு பதினெட்டு மணிநேரம் படுத்தே கிடக்கும். இதைப் பார்த்த பிறகுதான், நாள் முழுக்க ஓடவிட வேண்டுமோ என்று அஞ்சிய நகரத்து அடுக்ககவாசிகள் துணிந்து முன்வந்தார்கள்.

கால்நடை மருத்துவமும் இதனால் கொஞ்சம் வளர்ந்தது. கிரேஹவுண்டின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் அதிகம், தட்டணுக்கள் குறைவு, தைராய்டு அளவும் குறைவு. அன்று இதை அறியாத மருத்துவர்கள் நலமாக இருந்த நாய்க்குத் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில மயக்க மருந்துகளை இதன் உடம்பு மெதுவாகவே கழிக்கும் என்பதும் அப்போது பலருக்குத் தெரியாது. பல் சுத்தம் செய்யப் போன நாய் எழுந்திருக்க வெகுநேரமானது. ஓய்வுபெற்ற நாய்கள் வீடுகளுக்கு வந்து, வீட்டுக்காரர்கள் மருத்துவமனைகளுக்கு வந்த பிறகே இவை பரவலாகத் தெரியவந்தன. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் கிரேஹவுண்டுகளுக்கென்றே தனி மருத்துவத் திட்டம் நடத்தியது. அன்று ஒரு நாயின் உடம்பு எவ்வளவு வேகம் தரும் என்று மட்டும் தெரிந்திருந்தது. இன்று அது எப்படி முதுமையடைகிறது என்றும் தெரியும்.

2018 நவம்பரில் ஃபுளோரிடா மக்கள் நாய்ப் பந்தயத்தை நிறுத்த வாக்களித்தார்கள். 60 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் 69 சதவீதம் கிடைத்தது. அப்போது நாட்டிலிருந்த 17 திடல்களில் 11 அந்த ஒரு மாநிலத்தில் இருந்தன. 2020 டிசம்பர் 31-க்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். வெஸ்ட் பாம் பீச்சில் அந்த இரவின் கடைசி ஓட்டத்தோடு முடிந்தது. ஆயிரக்கணக்கான நாய்கள் ஒரே நேரத்தில் வீதிக்கு வந்துவிடும் என்று எல்லாரும் பயந்தார்கள். நடந்தது நேர்மாறு. கேட்டு வந்தவர்கள் நாய்களைவிட அதிகம். பந்தயம் போனால் நாய்க்கு இடமிருக்காது என்ற பழைய வாதம் அங்கே பொய்யானது.

ஆனால் அதன்பின் ஒன்று நடந்தது. அதை யாரும் முன்கூட்டி யோசித்ததாகத் தெரியவில்லை. நாய்கள் தீர்ந்துபோயின. பந்தயம் இல்லையென்றால் பந்தயத்துக்கான ஈற்றும் இல்லை; கண்காட்சிக்காக வளர்க்கப்படும் கிரேஹவுண்டுகள் அமெரிக்காவில் சொற்பம். முப்பது ஆண்டுகள் வீடு தேடி அலைந்த குழுக்களில் சில இன்று கதவை மூடிவிட்டன. சில அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் விமானத்தில் நாய்களைக் கொண்டுவருகின்றன. ஸ்பெயினின் கால்கோ நாய்களை வளர்க்கச் சொல்கின்றன. ஒரு கொடுமை ஒழியும்போது அதிலிருந்து மீட்கப்பட்ட அன்பான பழக்கமும் கூடவே தேய்வதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அதற்காகக் கொடுமை நீடித்திருக்கலாம் என்று சொல்ல முடியுமா? முடியாது.

வேறு இழப்புகளும் உண்டு. விம்பிள்டனின் நாய்ப் பந்தயத் திடல் 2017-இல் மூடப்பட்டு, அங்கே இன்று கால்பந்து அரங்கம் நிற்கிறது. வால்தம்ஸ்டோ 2008-இல் மூடியது. அதன் நியான் முகப்பை மட்டும் காப்பாற்றிவிட்டு, பின்னால் குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள். ஆலைத் தொழிலாளியின் வெள்ளிக்கிழமை இரவு, ஆறு நாய்களின் ஆறு நிற மேலங்கிகள், தகப்பன் தோளில் அமர்ந்து பந்தயம் பார்த்த பிள்ளை, ஒவ்வொரு நாயின் நடையையும் பார்த்தே காய்ச்சல் சொல்லிவிடும் கொட்டடித் தொழிலாளி ஆகிய எல்லாம் போய்விட்டன. அவர்களில் எல்லாரும் கொடியவர்கள் இல்லை. வீட்டுக்கு அனுப்பிய நாயைப் பற்றி விசாரித்துக் கடிதம் எழுதியவர்களும் இருந்தார்கள். என்றாலும் அந்த இரவுகளின் செலவை நாய் தன் பாக்கி ஆயுளால் கட்டியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பிரிட்டனில் கதை இன்னும் முடியவில்லை. அங்கே ஓடும் நாய்களில் பெரும்பாலானவை அயர்லாந்தில் பிறந்தவை. 2020 முதல், பதிவாகும் ஒவ்வொரு நாய்க்கும் ஓய்வுக்காலத்துக்கென 400 பவுண்டு முன்வைப்பாகக் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. பாதி சொந்தக்காரர், பாதி பந்தய வாரியம். பந்தய வாரியத்தின் கணக்குப்படி, 2018-இல் ஓய்வுபெற்றவற்றில் 88 சதவீதம் நல்லபடியாக இடம்பெயர்ந்தன. 2023-இல் அது 94. கணக்கு அவர்களுடையது, அதனால் எச்சரிக்கையோடு படிக்க வேண்டியது. ஆனாலும் அன்று கணக்கே கிடையாது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் அரசு 2016 ஜூலையில் தடை அறிவித்து, அக்டோபரில் பின்வாங்கியது. விக்டோரியாவில் வீட்டுக் கிரேஹவுண்டுக்கும் பொது இடத்தில் வாய்க்கூடு கட்டாயமாக இருந்தது. 2019 ஜனவரியில் அந்த விதி நீங்கியது. நியூசிலாந்து 2024 டிசம்பரில், பந்தயத்தை 2026 ஜூலைக்குள் நிறுத்தப்போவதாக அறிவித்தது. மூவாயிரத்துக்கு நெருக்கமான நாய்களுக்கு வீடு தேவை என்ற பேச்சு அப்போதே தொடங்கிவிட்டது.

அமெரிக்காவில் ஆள் காத்திருக்கிறார். இந்த நாடுகளில் நாய் காத்திருக்கிறது. லண்டனிலோ மெல்போர்னிலோ ஆக்லாந்திலோ வீடும் வேலியும் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சமில்லை. நாய் வளர்க்கும் எண்ணம் இருந்தால், குட்டியை விலைக்கு வாங்கும் முன் ஒருமுறை கிரேஹவுண்ட் கொட்டடிக்குப் போய்ப் பாருங்கள். கறுப்பு என்றோ வயது ஆறு என்றோ தள்ளிவிடாதீர்கள். மற்றவர்கள் ஏற்கெனவே அப்படித் தள்ளியதால்தான் அது இன்னும் அங்கே இருக்கிறது. வீட்டில் பூனை இருந்தால் அதைப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள், பூனையோடு சோதித்த நாயைத்தான் கேளுங்கள். இல்லை என்று அவர்கள் சொன்னால், வற்புறுத்தாமல் அடுத்த நாய்க்குக் காத்திருங்கள்.